ஒரு பகலில் ஒரு மலை

*ஏரி, சீட், பாயிண்ட், படகு, பஜ்ஜி… இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஏற்காட்டின் ஒருநாள் சுற்றுலா யாருக்கு என்ன தருகிறது?*

“எட்டு பாயிண்ட்டுங்களா, பன்னெண்டு பாயிண்ட்டுங்களா?”

ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம். மே மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. ஓட்டுநரின் கேள்விக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஈரோட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள். சின்னவனுக்குப் பதினான்காவது வளைவிலேயே குமட்டல். அறுத்த எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி அம்மாவின் மடியில் சாய்ந்து கிடக்கிறான். காரை ஓட்டி வந்த அப்பாவுக்குத் தோள்பட்டை கடுக்கிறது. மலைமேல் இனியும் ஸ்டியரிங் பிடிக்க அவர் தயாராக இல்லை. அதனால்தான் லோக்கல் வண்டி. ஓட்டுநர் டாஷ்போர்டிலிருந்து லேமினேட் செய்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் எட்டுப் பெயர்கள், மறுபக்கம் பன்னிரண்டு. ஓரங்களில் பிளாஸ்டிக் பிரிந்திருக்கிறது. ‘லேடீஸ் சீட்’ என்ற இடத்தில் விரல் பட்டுப் பட்டு எழுத்தே மங்கிப்போயிருக்கிறது.

பாட்டி அட்டையைப் பார்க்கவே இல்லை. “சேர்வராயன் கோயில் இதுல வருதா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“வருதுங்கம்மா. ஆனா அது பன்னெண்டுலதான்.”

பேரம் கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் அட்டையின் இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒரு கணக்கில், பத்து பாயிண்ட்டுக்குப் படிந்தது. கோயில் உள்ளே வந்தது. கிளியூர் அருவி வெளியே போனது. “தண்ணி இல்லைங்க, வெறும் பாறைதான்” என்று ஓட்டுநர் சொன்னது உண்மை. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூரில் அருவியாக விழுகிறது. கோடை மழை கைகொடுக்காத மே மாதத்தில் அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

ஏன் எல்லோரும் இங்கே?

இந்தக் கோடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் உலவிய யோசனை ஒன்றுதான்: “ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கணும், ரூம் புக் பண்ணணும். பேசாம ஏற்காடு போயிட்டுச் சாயங்காலம் வந்துடலாம்.” சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஏறலாம் என்பதற்கும் உச்சவரம்பு வந்தது. அந்த உத்தரவுகளில் ஏற்காடு இல்லை. சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஈரோடு, நாமக்கல், தருமபுரி, கரூர் என்று சுற்றியுள்ள மாவட்டங்களுக்கெல்லாம் காலையில் போய் இரவில் வீடு திரும்பக்கூடிய மலை இது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பத்திரிகைகள் இதற்குப் பட்டம் கொடுத்து நெடுநாளாகிறது. அந்தப் பட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. ஊட்டியில் வாங்க முடியாததை மலிவுப் பதிப்பாக வாங்க வந்தவர்கள் மாதிரி அது எல்லோரையும் நடத்துகிறது.

கோடை விழா நாட்களில் அரசுப் போக்குவரத்துக் கழகமும் சுற்றிக்காட்டும் பேருந்துகளை விடுகிறது. மற்ற நாட்களில் சேலத்து வாடகை வேன்களும் மேலே இருக்கும் லோக்கல் வண்டிகளும்தான் கதி. வரும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அன்றைய வழிகாட்டி ஓட்டுநரே. மலையின் வரலாறு, புராணம், தாவரவியல், சாப்பாட்டுக்கடை எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

---

பெட்டிச் செய்தி: மலை, சில எண்களில்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு.

ஊரின் உயரம் 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர், அதாவது 5,326 அடி. நாம் நிற்பது கிழக்குத் தொடர்ச்சி மலையில்.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

---

இறந்தபின் வந்த கவர்னர்

லேடீஸ் சீட்டில் டெலஸ்கோப் வழியாகச் சேலத்தைக் காட்டிக்கொண்டே ஓட்டுநர் கதையைத் தொடங்கினார். “1842ல சர் தாமஸ் மன்றோங்கிற கவர்னர்தான் இந்த மலையக் கண்டுபிடிச்சாருங்க.” பெரியவள் எட்டாம் வகுப்பு, செல்போனில் குறித்துக்கொண்டாள். பள்ளியில் கோடை விடுமுறைக் கட்டுரை கேட்பார்களாம்.

தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னர்தான், சந்தேகமில்லை. ஆனால் 1827 ஜூலையில் ஆந்திரத்துப் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து அவர் எப்படி மலையேறினார் என்று ஓட்டுநரைக் கேட்டுப் பயனில்லை. அவர் இதை இட்டுக்கட்டவில்லை. இணையத்தில் ஏற்காடு என்று தேடினால் வரும் சுற்றுலாப் பக்கங்களில் பலவும் இதே வாக்கியத்தை ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்து வைத்திருக்கின்றன. மன்றோவுக்கு முன்னால், காக்பர்னுக்கு முன்னால், வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கும் முன்னால் இந்த மலையில் ஊர் இருந்தது, கோயில் இருந்தது, சாமையும் தினையும் விளைந்தன. ‘கண்டுபிடித்தார்’ என்ற வார்த்தையைக் கேட்டுப் பாட்டி மெல்லச் சிரித்தார். அவருடைய அம்மா வழியில் வருஷத்துக்கொருமுறை நடந்தே மலையேறிச் சேர்வராயனுக்கு முடி இறக்கிய வழக்கம் உண்டாம்.

லண்டனில் இந்த வேலைக்கென்றே ‘ப்ளூ பேட்ஜ்’ வழிகாட்டிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. நீண்ட பயிற்சி, எழுத்துத் தேர்வு, நேரில் நடத்திக் காட்டும் தேர்வு எல்லாம் முடித்த பிறகே அந்த நீலச் சின்னம் சட்டையில் ஏறும். வியன்னாவில் வழிகாட்டி வேலை, தகுதித் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டிய தொழில். நம் ஊரிலிருந்து பேக்கேஜ் டூரில் ஐரோப்பா போய்வந்த குடும்பங்கள் அரண்மனைகளை மறந்தாலும் அந்த வழிகாட்டிகளை மறப்பதில்லை: “அந்தம்மா ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை வெச்சிருந்தாங்க.” ஏற்காட்டுக் கல்லுக்கும் கதை இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அட்டையில் இல்லாத ஒருவர்

ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் என்று ஒரு பழைய ஆங்கிலத் திருச்சபைக் கோயில் இருக்கிறது. எட்டு பாயிண்ட் அட்டையிலும் அது கிடையாது, பன்னிரண்டிலும் கிடையாது. இந்தியத் தொல்லியலில் ஆர்வமுள்ள எவரும் தேடிவர வேண்டிய இடம் அது. ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது.

யார் இந்த ஃபூட்? 1863 மே 30 அன்று, சென்னை பல்லாவரத்தில் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, இது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று அடையாளம் கண்ட நிலவியலாளர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்தக் கல்லுக்கு முன்புவரை நம் வரலாறு எழுத்தில் தொடங்கியது. பிறகு லட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஃபூட் குடியேறியது ஏற்காட்டில், ‘ஐவி காட்டேஜ்’ என்ற வீட்டில். சேர்வராயன் மலையிலேயே அவர் சேகரித்த பொருள்களும் உண்டு. மலைமக்கள் தங்கள் சாமிக் கற்களோடு வைத்துக் கும்பிட்டுவந்த வழுவழுப்பான புதிய கற்காலக் கோடரிகள் அவர் கண்ணில் பட்டன. வாழ்நாள் சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பரில் அவர் கல்கத்தாவில் காலமானார். சாம்பல் மலைக்குத் திரும்பியது.

இன்னொரு கிளைக்கதை, தமிழ் படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல் பாதிரியார். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சிட்டவர், ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். அவர் 1882-இல் கண்மூடியதும் இந்த மலையில்தான். நாவலரின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பெண், அவரோடு வேலைசெய்தவர் கடைசிக் காலத்தைக் கழித்த ஊரில் ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, மன்றோ பெயரைக் குறித்துக்கொண்டு போகிறாள்.

இதுபோல் கைக்கெட்டும் தூரத்தில் தவறிப்போவது நிறைய. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பூச்சியை விழுங்கும் மேகாலயக் குடுவைச் செடி அங்கே உண்டு. தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையும் உண்டு. அன்றைய பத்துப் பாயிண்ட்டில் அந்தத் தோட்டம் சேரவில்லை. அதற்குப் பதில் சாக்லேட்டும் தைலமும் விற்கும் ஒரு கடை சேர்ந்தது. அட்டையில் கடைக்குப் பெயர் இல்லை, ஆனால் வண்டி தானாக அங்கே நின்றது. அரை மணி நேரம். சேர்வராயன் கோயிலுக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

ஓட்டுநர்மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. வண்டி பெரும்பாலும் இன்னொருவருடையது. சீசன் என்பது இரண்டு மாதம்; ஆடி பிறந்தால் வண்டி நிழலில் நிற்கும். கடைக்காரர் தரும் கமிஷன் இல்லாவிட்டால் டீசலுக்கும் தவணைக்கும் கட்டாது. மாலை ஐந்துக்குள் இந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டால்தான் அடுத்த ஆளைப் பிடிக்க முடியும். பத்து பாயிண்ட்டுக்கு ஆறு மணி நேரம் என்றால், சாப்பாடும் படகுத்துறை வரிசையும் இடத்துக்கு இடம் ஓடும் நேரமும் போக, ஒவ்வோர் இடத்துக்கும் இருபது நிமிடம்கூட மிஞ்சாது. அந்த இருபது நிமிடத்தில் ஒரு செல்ஃபி, ஒரு மிளகாய் பஜ்ஜி, ஒரு “சீக்கிரம் வாங்க, அடுத்தது போணும்”.

சேர்வராயன் யார் பக்கம்?

கோயில் உச்சியில் பரந்த சமவெளி. குனிந்துதான் போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்பது மலையின் நம்பிக்கை. பாட்டி உள்ளே போனவர் வர நேரமானது. வெளியே ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

இந்தச் சாமியின் மக்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி, மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறியதாக அவர்களுடைய வழிவழிக் கதை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அப்படியிருந்தும் ஒருநாள் சுற்றுலாக் குடும்பம் அவர்களை எங்கே பார்க்கிறது? சாலையோரம் கொய்யாவையும் பலாச்சுளையையும் கூறு கட்டி விற்பவராக, விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுபவராக, எஸ்டேட்டுக்குள் தூரத்தில் கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணாக. அவர்கள் ஊர்களான நாகலூர், மஞ்சகுட்டை, செம்மநத்தம், வேலக்காடு வழியாகத்தான் லூப் ரோடு போகிறது. வண்டி அங்கெல்லாம் நிற்பதில்லை.

ஒரு கிலோ மிளகு எந்தக் கொடியிலிருந்து வந்தது, சவுக்குபோல உயர்ந்து நிற்கும் அந்த சில்வர் ஓக் மரங்கள் காபிக்கு எதற்காக நிழல் தருகின்றன, மார்ச், ஏப்ரல் மழை விழுந்த சில நாளில் காபித் தோட்டம் முழுக்க மல்லிகைக் காடாக வெள்ளை பூத்துவிடுவது எப்படி என்பதையெல்லாம் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். காபி விளையும் மலையில் அந்தக் குடும்பம் அன்று குடித்ததென்னவோ பாக்கெட் பொடியைப் பாலில் கலக்கிய இன்ஸ்டன்ட் காபி.

சேர்வராயன் பீடபூமியின் செம்மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பாக்சைட் கலந்த மண். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல பத்தாண்டுகள் இங்கே வெட்டியெடுத்தார்கள், லாரிகள் இறங்கின. மலைக்கு வருமானம் என்ற பெயரில் யார் வந்தாலும் மலைமக்களுக்குக் கிடைப்பது கூலி வேலைதான் என்ற அனுபவம் சுற்றுலாவுக்கு முன்பே தொடங்கியது.

இறங்கும் சாலை

மாலை ஐந்தரைக்குமேல் ஏற்காட்டிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். ஒருநாள் சுற்றுலாவின் பெரிய ஆபத்து இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. நாள் முழுக்கச் சுற்றிய களைப்பு, பழக்கமில்லாத மலைச்சாலை, முன்னால் போகும் வேனை முந்தும் அவசரம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குவார்கள். பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் தீய்ந்த வாசனை காருக்குள் வரும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை மரியாதை பலருக்குத் தெரியாது. 2024 ஏப்ரல் 30 மாலை, சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தனியார் பேருந்து பதின்மூன்றாவது வளைவருகே தடுப்பை உடைத்துக் கீழே விழுந்தது. உயிர்கள் போயின, ஏராளமானோர் காயமடைந்தனர். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து இந்தச் சாலை துண்டிக்கப்பட்டது. கோடை விழா நாட்களில் ஏறுவது ஒரு வழி, இறங்குவது குப்பனூர் வழி என்று காவல்துறை போக்குவரத்தைப் பிரிப்பதுண்டு. அந்த ஏற்பாட்டைச் சீசனின் எல்லா வார இறுதிகளுக்கும் நீட்டினால் என்ன?

குப்பை இன்னொரு தலைவலி. நெடுங்காலம் ஊராட்சியாகவே இருந்த ஊர் ஏற்காடு; ஒரு கிராமத்துக்கான ஆட்களும் வண்டிகளும் வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் வந்துபோகும் ஒரு நகரத்தின் குப்பையை அள்ளியது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. வளைவுகளில் குரங்குக்கு வீசும் பிஸ்கட் உறையைப் பார்த்தால் அந்தத் தடை அடிவாரத்திலேயே நின்றுவிட்டது தெரியும். ஏரியில் ஆகாயத்தாமரையை அள்ளுகிறார்கள். அள்ளிய இடத்தில் திரும்ப முளைக்கிறது. சுற்றியுள்ள கட்டடங்களின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாமரையை மட்டும் அள்ளினால் இது நிற்கப்போவதில்லை.

---

பெட்டிச் செய்தி: வந்து போனால் கட்டணம், தங்கினால் இல்லை

இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமான குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நகருக்குள் இரவு தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. தங்குபவர் நான்கு கடையில் சாப்பிடுவார், மெதுவாக நடப்பார், உள்ளூரில் செலவழிப்பார். பகலில் வந்து போகிறவர் நெரிசலையும் குப்பையையும் விட்டுச் செல்கிறார் என்பது அவர்கள் கணக்கு.

---

வெனிஸ் கணக்கை அப்படியே ஏற்காட்டில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஈரோட்டுக் குடும்பத்துக்கு இரவு தங்க வசதியிருந்தால் தங்கியிருக்கும். சீசனில் ஓர் அறை வாடகை அவர்களின் மொத்தப் பயணச் செலவையும் தாண்டுகிறது. ஒரு பகல் மட்டுமே கிடைத்தவர்களுக்கு அந்தப் பகலை உருப்படியாகத் தருவதுதான் செய்யக்கூடிய காரியம்.

அட்டையை யார் எழுதுவது?

மலைக்கிராமங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, சேலத்துக்கோ திருப்பூருக்கோ வேலைதேடி இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காடு தெரியும், செடி தெரியும், காட்டெருமை எந்தப் பக்கம் இறங்கும் என்பது தெரியும், சேர்வராயன் கதை தெரியும். புரூஸ் ஃபூட்டையும் பெர்சிவலையும் மூன்று மாதப் பயிற்சியில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். ஓட்டுநர் வண்டி ஓட்டட்டும். பேசுவதற்கு இன்னொருவர் முன் இருக்கையில் உட்காரட்டும். பத்து பாயிண்ட்டுக்குப் பதில் நாலு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். தேவாலயம், ஆர்க்கிட் தோட்டம், ஒரு சிறு காபித் தோட்டத்தில் நடை, சேர்வராயன் கோயில். மதியச் சோறு ஏதாவதொரு ஊரில், சாமையோ அரிசியோ, மலைவீட்டுச் சமையல். அந்தப் பணம் நாகலூரிலேயே தங்கும்.

ஓட்டுநர்கள் எதிர்ப்பார்களா? கடைக் கமிஷன் குறையும் என்பதால் முணுமுணுப்பு இருக்கும். ஒரே குடும்பத்தோடு முழுநாள் வாடகை உறுதி என்றால் பேசித் தீர்க்க முடியாததல்ல. பெரிய சிக்கல், இதை எந்தத் துறை செய்வது என்பதில்தான் இருக்கிறது. படகுத்துறை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம், பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையிடம், காடு வனத்துறையிடம், கோயில் ஊராரிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். மலைக்கு வருபவரை வரவேற்றுப் பேசும் வேலை மட்டும் யாரிடமும் இல்லை.

தொடக்கத்துக்கு இருபது பேர் போதும். ஏரிக்கரையில் ஒரு மேஜை, சுழற்சி முறையில் பெயர்ப்பட்டியல், கட்டணம் எழுதிய ஒரு பலகை, கையில் ரசீதுப் புத்தகம். கோடை விழா மேடைக்கும் மலர் அலங்காரத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். விழா முடிந்து பூ வாடிய பிறகும், நவம்பரில் காபி பழுத்துப் பறிப்பு தொடங்கும்போதும், அந்த இருபது பேருக்கு வேலை இருக்கும்.